அப்பன் பட்ட கடனும் அரசாங்கம் நடத்திய போரும்

போன மாதம் கும்பளங்கியில் கூடிய நமது கிளைக் கூட்டத்தில், செய்தித்தாள் வாசிப்பு முடிந்ததும் ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். கட்டட வேலைக்குப் போகிறவர். "அண்ணே, எந்தப் போரை எடுத்தாலும் ஆரம்பித்தவன் ஒருத்தன், நடத்துகிறவன் வேறொருத்தன். நடத்துகிறவனைக் கேட்டால் 'இது நான் ஆரம்பித்தது இல்லை' என்கிறான். ஆரம்பித்தவனோ செத்துப்போயிருக்கிறான், அல்லது தேர்தலில் தோற்று வீட்டில் இருக்கிறான். அப்படியானால் நிறுத்த வேண்டியவன்தான் யார்?"

கூட்டம் சற்று நேரம் மௌனமாக இருந்தது. பிறகு மட்டாஞ்சேரி பஜாரில் முப்பது வருஷம் மூட்டை சுமந்த பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அதை ஏன் தம்பி உலகத்தில் தேடுகிறாய்? எங்கள் அண்ணன் மகன் 1988-இல் இலங்கைக்குப் போன பட்டாளத்தில் போனான். திரும்பவில்லை. எதற்காகப் போனான், யாரோடு சண்டை போட்டான் என்று எங்கள் மதினி சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். தமிழனைக் காப்பாற்றப் போனவனைத் தமிழன் ஏன் சுட்டான் என்று அவளுக்கு யாராலும் விளக்க முடியவில்லை."

அந்த இளைஞரின் கேள்விக்கும் இந்தப் பெரியவரின் மதினியுடைய கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேடும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

தோழர்களே! நடந்ததை முதலில் வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வோம். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. அங்கிருந்த தமிழ் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். நம் தமிழ்நாட்டிலும் பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. அதே மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படை வீரன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவ் காந்தியை அடித்தான். இந்த ஒப்பந்தத்தை இரண்டு பக்கமும் எப்படி ஏற்றுக்கொண்டன என்பதற்கு அதுவே ஓர் அடையாளம்.

அடுத்த இரண்டு மாதங்களில் எல்லாம் தலைகீழாயிற்று. நல்லூரில் சொட்டுத் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்த திலீபன் செப்டம்பர் 26 அன்று இறந்தார். கைது செய்யப்பட்டிருந்த விடுதலைப் புலிகளில் பன்னிரண்டு பேர், குமரப்பாவும் புலேந்திரனும் உட்பட, அக்டோபர் 5 அன்று பலாலியில் சயனைடு அருந்தி மாண்டனர். அக்டோபர் 10 முதல் அமைதி காக்க வந்த படை போர் செய்யும் படையாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட முப்பது சீக்கிய வீரர்களில் இருபத்தொன்பது பேர் அங்கேயே மடிந்தனர். அதே அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிக்கு டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இரையாயினர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பஞ்சாபின் விவசாயி வீட்டுப் பையனும் செத்தான், யாழ்ப்பாணத்து நர்சும் செத்தாள். அவர்கள் இருவருக்கும் இடையே எந்தப் பகையும் இருந்ததில்லை.

பம்பாயில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று அங்கே போரிட்டு இறந்து, மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் பெற்றார். தமிழ்த் தாய் பெற்ற ஒருவர், தமிழ் மண்ணில், தமிழரோடு போரிட்டு மாண்டதற்கு இந்தியாவின் மிக உயர்ந்த வீர விருது! பெரியவரின் மதினியின் கேள்வியை இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்டுவிட முடியாது.

இனி நமது விஷயத்துக்கு வருவோம். படையை அனுப்பியது தவறா சரியா என்பது ஒரு வாதம். ஆனால் தவறென்று தெரிந்த பிறகும் ஏன் திரும்பி வரவில்லை என்பது வேறு வாதம். நம்மில் பலர் முதலாவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இரண்டாவதைப் பேசுவதே இல்லை.

1988-இலேயே இந்தப் போரில் வெற்றி என்று ஒன்று இல்லை என்பது தெரிந்துவிட்டது. மட்டக்களப்பில் அன்னை பூபதி உண்ணாவிரதமிருந்து ஏப்ரல் 19 அன்று உயிர்விட்டார். தெற்கே ஜே.வி.பி.யினர் இந்தியப் படை இருப்பதையே காரணமாகக் காட்டிக் கிளர்ச்சி நடத்தினார்கள். அதை அடக்குகிறோம் என்று அரசு நடத்திய வேட்டையில் சிங்கள ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் அழிந்தார்கள். 1989 ஜனவரியில் பதவியேற்ற ஜனாதிபதி பிரேமதாசா, ஜூன் மாதம் "ஜூலை 29-க்குள் வெளியேறுங்கள்" என்று பகிரங்கமாகச் சொன்னார். அழைத்த வீட்டுக்காரனே போகச் சொல்லிவிட்டான். அது மட்டுமா? இந்தியப் படையோடு போரிட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கே அவர் அரசாங்கம் ஆயுதம் கொடுத்தது. அப்படியும் டெல்லி உடனே புறப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர்.

ஏன் புறப்படவில்லை? இதற்கு ஆளுவோர் சொல்லும் பதில் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: "இப்போது திரும்பினால் இதுவரை செத்தவர்கள் வீணாகிவிடுவார்கள்."

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. வட்டிக்கு வாங்கி வாழும் நம் குடும்பங்களில் தினமும் கேட்பதுதான். ஊரில் அப்பன் பத்தாயிரம் கடன் பட்டிருப்பான். மகன் இங்கே கொச்சிக்கு வந்து, வாத்துருத்தியில் ஒரு அறைக்கு எட்டுப் பேராகத் தங்கி, பிளேடுக்காரனிடம் புதுக்கடன் வாங்கிப் பழைய வட்டியைக் கட்டுவான். "இதுவரை கட்டினது வீணாகிவிடக் கூடாது" என்பான். கட்டிய பணம் போனதுதான். இனிக் கட்டப்போவதாவது மிஞ்சட்டும் என்று யாராவது சொன்னால் கோபப்படுவான். மானப் பிரச்சினை என்பான். கடனில் போவது பணம். போரில் அதே கணக்கைப் போட்டால், நேற்றுச் செத்தவனுக்கு மரியாதை செய்வதற்காக நாளைக்கு இன்னொருத்தன் சாக வேண்டும் என்று ஆகிறது.

ஆனால் அரசாங்கத்துக்கும் அந்த மகனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்பன் கடனுக்கு மகன் தன் முதுகெலும்பை முறித்துக்கொண்டு வட்டி கட்டுகிறான். முந்தைய ஆட்சியின் போரை வாரிசாகப் பெற்ற பிரதமரும் ஜனாதிபதியும் கட்டும் வட்டி அவர்கள் வீட்டிலிருந்து போவதில்லை. அது கிராமத்து ஓட்டு வீட்டிலிருந்தும் பாரக்ஸிலிருந்தும் போகிறது. அதனால்தான் அவர்களுக்கு அவசரம் இருப்பதில்லை.

உலகத்தைப் பாருங்கள். 1969-இல் நிக்ஸன் வியட்நாம் போரை வாரிசாகப் பெற்றார். முடிவுக்குக் கொண்டு வருவேன் என்று சொல்லித்தான் ஜெயித்தார். பாரிஸ் உடன்பாடு வந்தது 1973 ஜனவரியில்! மாண்ட 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் இருபதாயிரம் பேர் அவர் பதவியேற்ற பிறகு மாண்டவர்கள். வியட்நாமியர் எத்தனை லட்சம் என்பதற்குத் திட்டமான கணக்கே கிடையாது. சோவியத் யூனியனிடம் நமக்கு மரியாதை உண்டு. அதற்காக உண்மையை மறைக்கக் கூடாது. 1979 டிசம்பரில் பிரெஷ்னேவ் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிய படையை, 1985-இல் பொறுப்புக்கு வந்த கோர்பசேவ் முழுமையாகத் திரும்ப அழைக்க 1989 பிப்ரவரி 15 ஆயிற்று. அதே ஆப்கானிஸ்தானில் 2001-இல் அமெரிக்கா நுழைந்தது. புஷ் ஆரம்பித்தார், ஒபாமா பெற்றார், டிரம்ப் பெற்றார், பைடன் பெற்றார். நான்கு ஜனாதிபதிகள், இருபது ஆண்டுகள். ஆரம்பத்தில் போனவனின் மகன் சிப்பாயாகி அதே போருக்குப் போகும் அளவுக்கு நீண்டது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது, ஆப்கானியர்கள் விமானச் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கியதை நம் எல்லோருடைய கைப்பேசியிலும் பார்த்தோம்.

அந்தக் காட்சியில்தான் நமது இரண்டாவது பாடம் இருக்கிறது. போரை நிறுத்து என்று கோஷமிடுவது சுலபம். எப்படி நிறுத்துவது என்று கேட்பவர் குறைவு.

1989 டிசம்பர் 2 அன்று பிரதமரான வி.பி. சிங், ராஜீவ் காந்தியிடமிருந்து இந்தப் போரை வாரிசாகப் பெற்றார். அவர் அதை நீட்டவில்லை. 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டது. நான்கே மாதத்துக்குள் முடித்தார் என்ற பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்கள் அதற்குள் மாண்டுவிட்டார்கள். திரும்பிய படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி போகவில்லை. அதைக் கண்டித்தவர்களும் உண்டு, பாராட்டியவர்களும் உண்டு. தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது ஒரு நியாயம். சொந்த விருப்பத்தில் போகாத சிப்பாய் என்ன பாவம் செய்தான் என்பது இன்னொரு நியாயம்.

ஆனால் படை கிளம்பியபோது அங்கே விட்டுவந்தது எதை? இந்தியாவை நம்பி 1988 தேர்தலில் வடகிழக்கு மாகாண சபை அமைத்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆட்சியைக் காப்பதற்கென்று 1989-இல் தமிழ்த் தேசிய ராணுவம் என்ற பெயரில், பள்ளிக்கூடம் போகும் பையன்களைக்கூட வழியில் மடக்கிப் பிடித்துச் சேர்த்தார்கள். இந்தியாவின் ஆதரவோடுதான் இது நடந்தது. பயிற்சி முடியாத பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் படை பின்வாங்கியது. புலிகள் வந்து அவர்களைச் சுற்றி வளைத்தார்கள். செத்த பையன்கள் எத்தனை பேர் என்று யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்கு வந்துவிட்டார். அவர் கட்சியினரில் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு கப்பலேறி, மொழி தெரியாத ஒரிசாவில் முகாமில் கிடந்தார்கள். மூன்று மாதம் கழிந்து, 1990 ஜூனில், புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் போர் மீண்டும் வெடித்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கூடவே ஒன்றுமறியாத போலீசாரும் பொதுமக்களும் மாண்டார்கள். அந்தக் கொலையை எந்த நியாயத்தாலும் மூடி மறைக்க முடியாது. அதன் பிறகு முகாம்களில் இருந்த ஈழ அகதிகள் ஒவ்வொருவரும் குற்றவாளியாகப் பார்க்கப்பட்டார்கள். போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில்தான் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

"அப்படியானால் படை அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்கிறாயா?" என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. வெளியேறியது சரிதான். இன்னும் இரண்டு வருஷம் முன்பே வெளியேறியிருக்க வேண்டும். நான் சொல்வது வேறு. வெறுங்கையோடு வெளியேறியதுதான் தவறு.

இதை நான் போர்ப் புத்தகத்தில் படிக்கவில்லை. ரயில்வேயில் மூத்த தோழர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1974 மே 8 அன்று நாடு முழுவதும் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. பல்லாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து பெண்டு பிள்ளைகளைச் சட்டி பானையோடு வெளியே தள்ளினார்கள். மே 27 அன்று போராட்டத்தை வாபஸ் வாங்க வேண்டி வந்தது. தொடர்ந்து நடத்த முடியாது என்று தெரிந்த பிறகு முடித்ததில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைய தோழர்கள் சொல்வார்கள்: வேலைநிறுத்தத்தை முடிக்கும் தலைவன் கையில் முதலில் இருக்க வேண்டியது பழிவாங்கப்பட்டவர்களின் பட்டியல். யார் சஸ்பெண்ட், யார் டிஸ்மிஸ், யார் இன்னும் ஜெயிலில், யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்ற பட்டியல். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் விடாமல் பேசினார்கள். 1977-இல் ஜனதா ஆட்சி வந்தபோது வேலை இழந்தவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, ஆனால் நம்பி வந்தவனை யாரும் நடுரோட்டில் விட்டுவிடவில்லை.

1990-இல் டெல்லியின் கையில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. நம்பி வந்தவன், பிடித்து இழுக்கப்பட்டவன், குண்டடி பட்டவன், வீடிழந்தவன் என்று எவன் பெயரும் இல்லை. மாண்ட இந்திய வீரர்களின் பெயர்களை இலங்கை அரசே கொழும்பு அருகே ஜயவர்தனபுரக் கோட்டேயில் நினைவுச் சின்னம் எழுப்பிப் பொறித்து வைத்திருக்கிறது. அது நல்லதுதான். அந்த ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்கு இந்தியா என்ன பதில் சொன்னது?

"இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், கூலி வேலைக்கு வந்த நமக்கு எதற்கு?" என்றும் சிலர் கேட்பதுண்டு. மேலேயிருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுக் கீழேயிருப்பவர்கள் வாரிசாகப் பெறுவது நமக்குப் புதிதா? 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்டு, 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்த மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரைத்தான் கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களிலும், கவியில் ஏலக்காய்த் தோட்டங்களிலும் குடியேற்றினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம்மோடு வேலை செய்கிறார்கள். போரில் தப்பி வந்தவர்களோ தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் தலைமுறை கடந்தும் வாழ்கிறார்கள். 2021-இல் முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே அகதி என்று பதிவு!

இன்னும் ஒன்று. இன்றைக்குப் போர் நடக்கும் நாடுகளுக்குப் பட்டாளம் மட்டும் போவதில்லை; கூலித் தொழிலாளியும் போகிறான். 2024 மார்ச்சில் இஸ்ரேலின் வடக்கே தோட்ட வேலை செய்துகொண்டிருந்த கொல்லத்துக்காரர் ஒருவர் ஏவுகணை விழுந்து இறந்தார். வேலை என்று சொல்லி ஏஜெண்டுகள் ரஷ்யாவுக்கு அனுப்பிய நம் பக்கத்து இளைஞர்கள் ராணுவ முகாமில் போய் விழுந்தார்கள். திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் 2024-இலும் 2025-இலும் அப்படி உக்ரைன் போர்முனையில் செத்தார்கள். யாரோ ஆரம்பித்து யாரோ நீட்டிக்கும் போருக்கு நம் வீட்டுப் பிள்ளை இன்றும் வட்டி கட்டுகிறான்.

ஆகவே, அலுத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்காருவதால் பயனில்லை. வரும் மாநாட்டில் மூன்று தீர்மானங்களை நம் சங்கம் முன்வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: அந்நிய மண்ணில் போரிட ஒரு படையை அனுப்புவதற்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை அங்கே வைத்திருப்பதற்கும் நாடாளுமன்றம் பெயர் சொல்லி ஓட்டுப் போட வேண்டும் என்று சட்டம் வேண்டும். இன்றைக்கு நம் நாட்டில் அமைச்சரவை முடிவு செய்தால் போதும். அமெரிக்காவில் வியட்நாமுக்குப் பின் 1973-இல் அப்படி ஒரு சட்டம் செய்தார்கள். ஆப்கானிஸ்தானில் இருபது வருஷத்தை அது தடுக்கவில்லை என்பதும் உண்மைதான். சட்டம் இருந்தால் மட்டும் போர் நிற்காது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை தூக்கியவனுடைய பெயர் தெரிந்தால், "இது நான் ஆரம்பித்தது இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டு: முகாம்களில் உள்ள ஈழத் தமிழரிலும் மலையகத் தமிழரிலும் விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை, திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்குப் பாதுகாப்பான வழி. 1990-இல் எழுதாமல் விட்ட பட்டியலை இப்போதாவது எழுதட்டும்.

மூன்று, இது நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியது: வெளிநாட்டு வேலை என்று ஏஜெண்ட் யாராவது வந்தால், பதிவு பெற்றவனா, எந்த நாடு, என்ன வேலை என்பதைக் கிளைக் கூட்டத்தில் வைத்து விசாரிக்காமல் ஒரு குடும்பமும் பணம் கட்டக் கூடாது.

அந்த இளைஞர் கேட்டார், நிறுத்த வேண்டியவன் யார் என்று. ஆரம்பித்தவன் யாராக இருந்தாலும், இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்தான் நிறுத்த வேண்டும். நாற்காலியை ஏற்றுக்கொண்டபோதே கடனையும் ஏற்றுக்கொண்டான். அவனை அங்கே உட்கார வைத்ததில் நம் ஓட்டும் இருக்கிறது. ஆகவே அவனைக் கேட்கும் கடமையும் நமக்கு இருக்கிறது. பெரியவரின் மதினி கேட்ட கேள்விக்கு இனிமேல் பதில் கிடைத்தாலும் கேட்க அவர் இல்லை. நம் தெருவில் இன்னொரு தாய் அதே கேள்வியைக் கேட்கும் நிலை வராமல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

— கும்பளங்கியிலிருந்து ஒரு ரயில்வே எழுத்தர்